மாங்கூழ் லைனில் பாக்கெட் பிரிக்ஸ் மீட்டர்: ஒரு சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பிராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். பெங்களூரா மாங்காய் லாரிகள் கேட்டில் வரிசை கட்ட ஆரம்பித்தால் ஜூலை வரை எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது, பிரிக்ஸ்தான். நூறு கிராம் கூழில் கரைந்திருக்கும் சர்க்கரை எத்தனை கிராம் என்று ஏறக்குறையச் சொல்லும் அளவு அது. அதைப் பார்க்க அடாகோ பால்-1 என்ற பாக்கெட் டிஜிட்டல் மீட்டரை வாங்கி லைனில் கொடுத்தோம்.

அதற்கு முன்பு இருந்தது கண்ணில் வைத்து வெளிச்சத்தைப் பார்க்கும் குழல் மீட்டர். விலை மலிவு, பேட்டரி வேண்டாம், தோட்டத்தில் பழம் பார்க்க அது போதும். கூழுக்குத்தான் சரிப்படவில்லை. கூழ் கலங்கல் என்பதால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு மங்கலாகத் தெரியும்; ஒரே சாம்பிளுக்கு ஆளுக்கொரு ரீடிங் சொல்வார்கள். மஸ்லின் துணியில் பிழிந்து சாறெடுத்துப் பார்த்தால் கோடு தெளியும், ஆனால் நைட் ஷிஃப்டில் யார் பிழிவார்கள்? இன்னொன்று சூடு. பிரிக்ஸ் கணக்கு 20 டிகிரி வெப்பநிலைக்கு வைத்தது. 15 பிரிக்ஸ் சாம்பிளை 30 டிகிரியில் திருத்தமில்லாமல் பார்த்தால் முக்கால் பிரிக்ஸ் குறைவாகக் காட்டும். குழல் மீட்டரில் தானாகத் திருத்தும் வசதி இருந்தாலும் பெரும்பாலும் 30 டிகிரி வரைதான். ஜூன் மாதத்தில் எவாப்பரேட்டர் (கூழில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கும் மெஷின்) பக்கத்தில் நின்று பாருங்கள், 30 டிகிரி எல்லாம் அங்கே குளிர்காலம்.

டிஜிட்டல் மீட்டர் பிரிசத்தில், அதாவது சாம்பிள் விடும் கண்ணாடியில், பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் கலங்கல் இதற்குப் பொருட்டில்லை. 0.3 மில்லி போதும், அதாவது சில சொட்டுகள். மூன்று வினாடியில் நம்பர் வரும். 0 முதல் 53 வரை அளக்கும், துல்லியம் 0.2 முன்பின். சாம்பிள் சூட்டுக்கும் தானே திருத்திக்கொள்ளும். இருந்தாலும் சூடான கூழை ஊற்றியவுடன் வரும் முதல் நம்பரை லாக் புக்கில் ஏற்றாதீர்கள். பிரிசமும் சாம்பிளும் ஒரே சூட்டுக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அரை நிமிடம் விட்டு மறுபடி பட்டனை அழுத்துங்கள். அடுத்தடுத்து ஒரே நம்பர் வந்தால் அதை எழுதுங்கள். அதற்காக மூடாமல் ரொம்ப நேரம் வைத்தாலும் தண்ணீர் ஆவியாகி ரீடிங் ஏறிவிடும்.

விலை குழல் மீட்டரைப் போலப் பல மடங்கு. எங்கள் பர்ச்சேஸில் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நான் காட்டிய கணக்கு இது: கான்சன்ட்ரேட்டுக்கு, அதாவது தண்ணீரை ஆவியாக்கிக் கெட்டியாக்கிய கூழுக்கு, வாங்குபவர் கேட்பது குறைந்தது 28 பிரிக்ஸ். ரீடிங் மேல் நம்பிக்கை இல்லாத ஆபரேட்டர் எதற்கு வம்பு என்று 28.5 வரை இழுத்துவிடுவார். கூடுதலாகத் தண்ணீரை ஆவியாக்கிய ஸ்டீம் ஒரு பக்கம் இருக்கட்டும். 28-லேயே நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் சரக்கில் 215 கிலோ டிரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3.8 கிலோ சும்மா போகிறது. 80 டிரம் ஏற்றினால் 300 கிலோ. அப்புறம் பர்ச்சேஸில் யாரும் பேசவில்லை.

எவாப்பரேட்டரில் ரொம்ப வருடமாக இருக்கும் அண்ணா ஒருவர் முதலில் இதைத் தொடவே இல்லை. “கோடு கண்ணுக்குத் தெரியுது சார், இது நம்பரை மட்டும் சொல்லுது, எப்படி நம்புறது?” என்றார். நியாயமான கேள்விதான். டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஸீரோ பட்டனை அழுத்துவதை அவரையே செய்ய வைத்தேன். பிறகு 85 கிராம் தண்ணீரில் 15 கிராம் சர்க்கரை கலந்து கொடுத்தேன், 15.0 என்று வந்தது. இப்போது ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஸீரோ பார்ப்பது அவர் வேலை, வேறு யாரையும் தொடவிட மாட்டார். போர் தண்ணீரில் ஸீரோ வைக்காதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பே ரீடிங்கைக் கொஞ்சம் நகர்த்தும்.

குறை என்று சொன்னால், வெளிச்சம். லோடிங் யார்டு வெயிலில் பட்டனை அழுத்தினால் நம்பருக்குப் பதில் மூன்று ‘என்’ எழுத்து வந்து நிற்கும். கெட்டுப்போகவில்லை, வெளி வெளிச்சம் அதிகம் என்று சொல்கிறது. கையால் மறைத்து மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். இதைப் புது ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மெயின்டனன்ஸுக்கு ஃபோன் போகும். ஸ்டீல் ஸ்பூன் வேண்டாம், பிரிசத்தில் கீறல் விழும். பிளாஸ்டிக் ஸ்பூன் போதும்.

கான்சன்ட்ரேட் போடாமல் சாதாரணக் கூழ் மட்டும் போடும் சின்ன யூனிட் என்றால் குழல் மீட்டரும் மஸ்லின் துணியும் போதும், காசை வேறு எதற்காவது வையுங்கள். கான்சன்ட்ரேட் போடுகிறவர்கள் ஏப்ரலுக்குள் வாங்குங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட்டும் சேர்த்துக் கேளுங்கள், ஏற்றுமதி ஆடிட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.