ஆபீஸில் ஓய்வுபெற்ற டெஸ்க்டாப் வீட்டுக்குச் சரிப்படுமா?

பிள்ளைகளின் பாடம், வீட்டுக் கணக்கு, வீடியோ, கொஞ்சம் எழுத்து வேலை. இவ்வளவுதான் தேவை, பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் புது கம்ப்யூட்டரில் கிடைப்பது பெரும்பாலும் அடிமட்ட பிராசசரும் 4 ஜிபி ராமும்தான். அந்தப் பணத்துக்கு நிறுவனங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மெஷின்கள் எவ்வளவோ மேல். பல வருடம் ஓயாமல் ஓட வேண்டும் என்று செய்யப்பட்டவை இவை. ஆனால் எந்த மாடல் என்று பார்க்காமல் வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் மொத்தமும் பிறகு கரைந்துவிடும்.

முதலில் தலைமுறை. இன்டெல் கோர் வரிசையில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்கவே வேண்டாம். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் எல்லைக்கோடு ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துபோனது. இன்னொரு காரணமும் உண்டு. 7-ஆம் தலைமுறை ஐ5-7500-இல் 4 கோர் (பிராசசருக்குள் வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்), 8-ஆம் தலைமுறை ஐ5-8500-இல் 6 கோர். ஒரே தலைமுறை தாண்டியதில் இவ்வளவு பெரிய பாய்ச்சல் அதற்கு முன் பல வருடம் வந்ததில்லை. பணம் இன்னும் இடித்தால் ஐ3-8100 போதும். அதிலும் 4 கோர் இருப்பதால் முந்தைய தலைமுறை ஐ5-க்கு ஈடுகொடுக்கும்.

‘ஐ7, 16 ஜிபி, புத்தம் புது கேபினெட்’ என்ற விளம்பரத்தில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். உள்ளே இருப்பது 2011-இல் வந்த ஐ7-2600 ஆகவோ 2012-இல் வந்த ஐ7-3770 ஆகவோ இருக்கலாம். அதோடு வரும் எச்61 மதர்போர்டு நேற்று தயாரித்ததாகவே இருந்தாலும் அதிலுள்ள சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) 2011-ஐச் சேர்ந்தது. ஐ7 என்ற எழுத்தை விடுங்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள்: இந்த நான்கு இலக்க எண்களில் முதல் இலக்கம்தான் தலைமுறை. எண்ணைச் சொல்லத் தயங்கும் கடையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மாடல் பெயரே தலைமுறையைக் காட்டிக்கொடுக்கும். டெல்லில் 3060, 5060, 7060 என்றால் 8-ஆம் தலைமுறை. 3050, 5050, 7050 என்றால் அதற்கு முந்தையது. எச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி4 வேண்டும், ஜி3 வேண்டாம். லெனோவோவில் எம்720 சரி, எம்710 தவறு. ‘7050 வாங்கி அப்புறம் 8500 பிராசசர் போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 தான், சிப் உட்காரவும் செய்யும், ஆனால் மெஷின் பூட் ஆகாது. 8-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் வேண்டும்.

அடுத்தது உருவம். டவர், அதைவிடச் சிறிய எஸ்எஃப்எஃப் (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்), உள்ளங்கையை விடச் சற்றே பெரிய மைக்ரோ என்று மூன்று வகை உண்டு. வீட்டுக்கு எங்கள் தேர்வு எஸ்எஃப்எஃப். அதில் டெஸ்க்டாப்புக்கான முழு நீள ராம், வேகமான என்விஎம்இ ரக எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) எம்.2 என்ற ஸ்லாட், பழைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு இடம், பாதி உயர கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஸ்லாட் எல்லாம் அடங்கிவிடும். மைக்ரோவில் லேப்டாப் ராம்தான் ஏறும், கிராஃபிக்ஸ் கார்டு பொதுவாக ஏறாது, பிராசசரும் பெரும்பாலும் வேகம் குறைத்த 35 வாட் ‘டி’ ரகம். சத்தமின்மையும் சிக்கனமும் அதன் பலம்: சும்மா இருக்கும்போது 10 முதல் 20 வாட் மட்டுமே இழுக்கும். மைக்ரோ வாங்கினால் அந்த நிறுவனத்தின் சொந்த அடாப்டரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். டெல் மெஷினுக்கு அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டால் பிராசசரின் வேகத்தை அதுவே குறைத்துக்கொள்ளும். ‘மெஷின் ரொம்ப ஸ்லோ’ என்ற பல புகார்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு போலி அடாப்டர்.

எஸ்எஃப்எஃப்பின் பெரிய குறை பவர் சப்ளை. 7060-இல் இருப்பது 200 வாட் யூனிட். அதன் அளவும் கனெக்டரும் டெல்லுக்கே உரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் யூனிட் உள்ளே நுழையாது, கனெக்டரும் பொருந்தாது. அது போய்விட்டால் அதே மாடலுக்கானதைத்தான் தேட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்க வேண்டும், தனி பவர் வயர் கேட்கக் கூடாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டு அளவில் பொருந்தும். ஆனால் அது நான்கு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால் இந்தப் பழைய பிசிஐஇ 3.0 (கார்டு இணைப்பின் மூன்றாம் தலைமுறை) போர்டில் சில கேம்களில் திணறும். கேம்தான் முதல் தேவை என்றால் இந்த வழி உங்களுக்கானது அல்ல.

இனி, பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மெஷினை ஆன் செய்ததும் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போங்கள்: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். போர்டிலுள்ள பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது பழைய காலத்துக் கதை. இந்த ஆபீஸ் மெஷின்களில் பல அதற்கு மசியாது. பயாஸில் காட்டும் சீரியல் எண்ணும் கேபினெட்டில் ஒட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் போர்டு மாற்றப்பட்டிருக்கிறது.

அடுத்தது பலரும் விட்டுவிடுவது. விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லி, தொடக்க செட்டப்பை இன்டர்நெட் இணைப்போடு நடத்திப் பாருங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அதன் இமெயில் ஐடி கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவர்களுடைய ஆட்டோபைலட் (நிறுவன மெஷின்களைத் தயார் செய்யும் மைக்ரோசாஃப்ட் சேவை) பட்டியலில் இருக்கிறது என்று பொருள். எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது போகாது, ஏனென்றால் பதிவு ஹார்ட்வேரின் அடையாளத்தோடு சேர்ந்தது. பழைய உரிமையாளர்தான் நீக்க முடியும்.

லைசென்ஸ் விஷயத்தில், செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் நல்லது. ஒரு நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவையைக் குறிப்பிட்டால் அது 180 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் வழியே புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸ். புதுப்பிக்க ஆளில்லாமல் பாதியில் நின்றுவிடும்.

டிஸ்க்குக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஹார்ட் டிஸ்க்கில் ரீஅலொகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), பென்டிங் செக்டர் (பழுதென்று சந்தேகப்படும் இடங்கள்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். உண்மையில் பழைய ஹார்ட் டிஸ்க்கை சிஸ்டம் டிஸ்க்காக வைத்துக்கொள்வதே தவறு. பெயர் தெரியாத 128 ஜிபி எஸ்எஸ்டியும் அப்படித்தான். நீங்களே 500 ஜிபி என்விஎம்இ ஒன்றைப் புதிதாக வாங்கிப் போடுங்கள். விலை உயர்ந்த நான்காம் தலைமுறை பிசிஐஇ எஸ்எஸ்டி வேண்டாம். இந்த போர்டில் அதுவும் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும்.

ராம் 16 ஜிபி. ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக இருக்கட்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான வேலையும் இதே ராமில்தான் நடக்கிறது. இரண்டு சேனலும் (ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) திறந்திருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் போட்டு ஒரு சுற்று முழுதாக ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் மாற்றிக் கேளுங்கள். பிறகு பிராசசருக்கு 15 நிமிடம் முழு வேலை கொடுத்துப் பாருங்கள். வெப்பம் 90 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கலாம், அல்லது ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கலாம். இரண்டும் சின்ன வேலைதான், ஆனால் விலை பேசும்போது கையில் ஒரு துருப்புச் சீட்டு. தேதி பின்னுக்குப் போனால் போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதற்காக மெஷினை நிராகரிக்க வேண்டாம். ‘ஏ கிரேடு’ என்ற சீட்டு பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குத்தான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆகாமல் இருக்க இரண்டு விஷயங்களை முன்பே கணக்கில் சேருங்கள். ஒன்று வைஃபை. ஆபீஸில் கேபிள் இருந்ததால் பல மெஷின்களில் வைஃபை கார்டே இருக்காது. இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டும் ஆன்டெனாவும் வாங்கலாம். விலை குறைவு என்று ஏஎக்ஸ்211 வாங்கினால் இந்த போர்டில் வேலை செய்யாது. ஸ்க்ரூடிரைவர் எடுக்க மனமில்லாதவர்களுக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர். இரண்டாவது, மானிட்டர் வயர். இந்த மெஷின்களில் டிஸ்ப்ளேபோர்ட்தான் முதன்மை, வீட்டு டிவியிலோ மானிட்டரிலோ எச்டிஎம்ஐ இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அது ஒருவழிப் பாதை. திருப்பி மாட்டினால் படம் வராது.

போட்டியாளர் என்று பார்த்தால் இன்டெல் என்100 பிராசசர் போட்ட புது மினி பிசி. அதில் வாரண்டி இருக்கிறது, மின்சாரம் குறைவு, ஏவி1 என்ற புதிய ரக வீடியோவை ஹார்ட்வேரிலேயே திறக்கும். ஐ5-8500-இன் கிராஃபிக்ஸுக்கு அந்தத் திறமை இல்லாததால் பிராசசரே உழைக்க வேண்டும். ஆனால் 4 சிறு கோர்கள், ஒரே ராம் சேனல். பிரவுசரில் இருபது டேப், நடுவில் வீடியோ கால், பின்னால் ஒரு பெரிய எக்செல் என்று வந்தால் ஐ5-8500-தான் முந்தும். டிவிக்குப் பின்னால் ஒட்டி வீடியோ மட்டும் பார்க்க என்றால் என்100. மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்க என்றால் ஐ5-8500 போட்ட எஸ்எஃப்எஃப், 8 ஜிபி ராம் இரண்டு, புது எஸ்எஸ்டி. ஒரு மாதமாவது எழுத்தில் வாரண்டி தரும் விற்பனையாளரிடம்.