மூளைக்கலம் என்று விற்கப்படும் நரம்புக்கல மாதிரியுரு

கொழும்பின் புறக்கோட்டை, வெள்ளவத்தைக் கடைகளில் உயர்தர உயிரியல் வகுப்புக்கென விற்கப்படும் 45 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் மாதிரியுரு இது. பெட்டியில் ‘மூளை நரம்புக்கலம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பதோ முண்ணாணிலிருந்து தசைக்குப் போகும் இயக்க நரம்புக்கலம். பெட்டியை நம்பிப் படித்தால் பிழையாகவே மனதில் பதியும்.

கலவுடலிலிருந்து நீளும் அக்சன் என்ற நாரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மயலின் (கொழுப்புறை) துண்டிலும் ஒரு கருவைக் காணலாம். அது சுவான் கலத்தின் கரு. மூளைக்குள் மயலினைச் சுற்றுவது சுவான் கலம் அல்ல, ஒலிகோடென்ட்ரோசைட்டு. சுவான் கலம் ஒரே அக்சனில் ஒரு துண்டை மட்டும் மூடும். ஒலிகோடென்ட்ரோசைட்டு கைகளை நீட்டிப் பல அக்சன்களைச் சுற்றும். போதாததற்கு அக்சனின் கடைசி முனை சிவப்புத் தசைநாரில் போய் ஒட்டுகிறது!

கலவுடல் அருமையாகச் செய்யப்பட்டிருக்கிறது. நிசில் மணிகள் (புரதம் உருவாகும் துணிக்கைகள்) கலவுடலிலும், சைகை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகளின் அடியிலும் மட்டும் உள்ளன, அக்சன் புறப்படும் அக்சன் மேட்டில் இல்லை. டென்ட்ரைட்டுகள் போகப்போக மெலிகின்றன, அக்சன் ஒரே தடிப்பில் போகிறது. இந்த இரண்டையும் பல பாடப்படங்களே கவனிப்பதில்லை. ஆனால் கணத்தாக்கம் (நரம்பின் மின்சைகை) தொடங்கும் இடம், அதாவது அக்சன் மேட்டை அடுத்த முதற்பகுதி, குறிக்கப்படவில்லை. நிலையான மார்க்கரால் அங்கே ஒரு வளையம் போட்டுவிடுங்கள்.

பெரிய குறை சினாப்ஸில், அதாவது அக்சன் முனை அடுத்த கலத்தைச் சந்திக்கும் இடத்தில். பட்டாணி அளவுக் கொப்புளங்களுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். உண்மையில் கொப்புளத்தின் விட்டம் ஏறக்குறைய 40 நனோமீற்றர். மூளைச் சினாப்ஸின் இடைவெளி 20 முதல் 40 நனோமீற்றர். தசையில் அது சற்று அகலம், 50 அளவில். ஆக, இடைவெளி ஏறக்குறைய ஒரு பட்டாணி அளவே இருக்க வேண்டும். இவ்வளவு அகலத்தைப் பார்க்கும் பிள்ளை மின்பொறி தாவுவதாகவே நினைக்கும். அங்கே நடப்பது அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் கொப்புளத்திலிருந்து வெளியேறி, பரவி, எதிர்ப்பக்க வாங்கியில் ஒட்டுவது. தசைத்துண்டு காந்தத்தில் நிற்பதால், அதற்கடியில் மட்டை ஒன்றைச் செருகி இடைவெளியைக் குறைக்கலாம்.

மூளைக்கலத்தைக் காட்ட வேண்டுமானால் தசைத்துண்டைக் கழற்றி வைத்து, மயலின் மேலுள்ள கருக்களைப் பசை நாடாவால் மறையுங்கள். ஒலிகோடென்ட்ரோசைட்டுக்கு ஒரு களிமண் உருண்டையும் அதிலிருந்து, அக்சன்களாக வைத்த நாலைந்து ஸ்ட்ரோக்களைச் சுற்றும் நூல்களும் போதும்.

வாங்குமுன் மூன்றாவது கணுவை (மயலின் துண்டுகளுக்கு இடைப்பட்ட இடம்) மெல்ல அசைத்துப் பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் மெல்லிசு. முறிவது அந்த இடத்தில்தான். ஒட்டுத்தாள் பெயர்கள் கடற்காற்றின் ஈரத்தில் கழன்றுவிடும். தமிழில் நீங்களே எழுதி மேலே வாணிஷ் பூசுவது நல்லது.