இன்ஜினா, நாசிலா, காற்றா? மலையில் பழைய டீசல் காரின் கரும்புகை

குன்னூர்-ஊட்டி சாலையில் எல்லநள்ளி ஏற்றத்தில் என் கார் கக்கிய புகையை ஒரு சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தேன். பள்ளி விட்ட நேரம். சாலை ஓரமாக நடந்து வந்த பிள்ளைகள் ஸ்வெட்டர் கையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. இதைச் சரிபண்ணாமல் இனி இந்த ரோட்டில் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கார் பழசு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 1.4 லிட்டர் டீசல். டீசலை அளந்து அனுப்புவது பழைய ரோட்டரி பம்ப். சென்சார் தொல்லை எதுவும் கிடையாது. குன்னூரில் மூன்று ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மூன்று பேருமே கைதேர்ந்தவர்கள், ஆனால் மூன்று விதமான பதில். முதல் இடத்தில், "ரிங் போயிருச்சுங்க சார், இன்ஜினை இறக்கிரலாம்." இரண்டாவது இடத்தில், "பம்ப்பும் நாசிலும் கழற்றிக் கோயம்புத்தூர் அனுப்பிரலாங்க." மூன்றாவது இடத்தில் இருந்த பெரியவர், "டர்போ இல்லாத வண்டி ஊட்டிக் காத்துக்குப் புகையத்தான் செய்யும் தம்பி, விடுங்க" என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம், நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் நுனி. முதலாவது பல பத்தாயிரம் ரூபாய்ச் செலவு, இரண்டாவது சில ஆயிரம், மூன்றாவதுக்குக் காசே வேண்டாம். எதை நம்புவது?

முதலில் புகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளையில்தான் இங்கே பலர் ஏமாறுகிறோம். ஜனவரி உறைபனிக் காலத்தில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் வெள்ளை பெரும்பாலும் வெறும் நீராவி, சைலன்சரைத் தாண்டியதும் கரைந்துவிடும். கண்ணைக் கரிக்கிற, பச்சை டீசல் வாடை அடிக்கிற, கரையாமல் அப்படியே நிற்கிற வெள்ளை வேறு. அது எரியாத டீசல். பெரும்பாலும் ஹீட்டர் பிளக், பம்ப் டைமிங் (டீசல் ஊற்றும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) மூன்றில் ஒன்றில் கோளாறு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஆவி நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

என் கார் விட்டது கறுப்பு. பழைய வேட்டித் துணியைச் சைலன்சர் வாயில் பிடித்து ஒருவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். துணியில் படிந்த கரி உலர்ந்த கரி. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது, பிசுபிசுப்பு இல்லை. ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் துணியில் எண்ணெய்க் கறை விழும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் (டிப்ஸ்டிக்) கோடு போட்டுப் பார்த்ததில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் ஆயில் இறங்கவே இல்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயிலேயே வைத்தேன். உள்ளிருந்து புஸ் புஸ் என்று அடித்தால் மூடி துள்ளி விழும். அது லேசாக நடுங்கியதோடு சரி. இன்ஜின் வேலை என்ற பேச்சை அங்கேயே ஓரம் கட்டினேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, அப்புறம் மிதிக்கும்போது நீலம் வந்தால் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று சொல்வார்கள். அது பெட்ரோல் காருக்கான சோதனை. பழைய டீசல்கள் பெரும்பாலானவற்றில் காற்று போகும் வழியை அடைக்கும் தட்டு கிடையாது, அதனால் அந்த அளவுக்கு உறிஞ்சல் ஏற்படாது. அதை வைத்து ஹெட்டை இறக்கிவிட வேண்டாம்.

பெரியவர் சொன்ன மலைக்காற்றுக்கு வருகிறேன். அவர் சொன்னது வெறும் சமாதானம் இல்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். இந்த இரண்டுக்கும் நடுவில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. என் காரில் இருப்பதுபோன்ற சாதாரண ரோட்டரி பம்ப்புக்கு அது தெரியாது. சமவெளிக்கு அளந்து வைத்த டீசலையே ஊட்டியிலும் ஊற்றும். காற்று போதவில்லை, மிச்சம் கரியாக வெளியே வருகிறது. டர்போ உள்ள வண்டி இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் டர்போவுக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மானிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தால் அதுவும் கறுப்பாகத்தான் புகையும். அப்போது இழுவை குறையும், உஸ் என்று சத்தமும் கேட்கும்.

ஆக, புகை மலையினுடையதா, காருடையதா? இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். காரை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் போதும். நீலகிரியில் இருப்பவர்களுக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே சமவெளி காத்திருக்கிறது. இந்த வசதி சென்னைக்காரருக்குக் கிடையாது. இன்ஜின் சூடாக இருக்கும்போதே கீழே ஒரு பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து, பின்னால் பைக்கில் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே புகை அடங்கிவிட்டால் பெரியவர் சொன்னது சரி. அங்கேயும் கறுத்தால் காரில் கோளாறு இருக்கிறது. புகைச் சான்றிதழ் மையத்துச் சோதனை இதற்கு ஈடாகாது. பி.எஸ். 4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு அங்கே வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியைச் சொல்லும் அளவு). ஆனால் வண்டியை நிறுத்தி, பாரம் இல்லாமல் மிதித்துத்தான் அளக்கிறார்கள். அதில் தேறிய வண்டியும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறும்போது புகையும்.

என் காருக்கு மேட்டுப்பாளையத்தில் புகை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

காசு செலவில்லாத காற்று வழியிலிருந்தே தொடங்கினேன். மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார்கள், அதற்கு முன்னால் இருக்கும் குழாயை யாரும் பார்க்கவில்லை. கிளிப்பைக் கழற்றி டார்ச் அடித்தேன். உள்ளே எலிக்கூடு. காய்ந்த யூகலிப்டஸ் இலை, சாக்கு நூல், பானெட் அடியில் ஒட்டியிருந்த பஞ்சின் துண்டுகள் எல்லாம் சேர்த்து உருண்டையாக, குழாயின் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. இரவெல்லாம் குளிரில் நிற்கிற காரின் பானெட்தான் எலிக்குக் கதகதப்பான இடம். ஃபில்டரைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. மழைக்கால ஈரத்தில் ஊறிய காகிதத்தில் புழுதி அப்பி, அட்டையாகக் கெட்டியாகிக் கிடந்தது. சில நூறு ரூபாயில் புது ஃபில்டர் போட்டதும் எல்லநள்ளியில் புகை கண்ணுக்குத் தெரிய பாதியாகக் குறைந்தது.

பலர் கரும்புகை என்றதும் டீசல் ஃபில்டரை மாற்றுகிறார்கள். அது வீண். டீசல் ஃபில்டர் அடைத்தால் டீசல் குறையும், இழுவை போகும். கரும்புகை அதனால் வராது. புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டியில் அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் கரும்புகை வரும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பது நியாயம்.

மிச்சப் பாதிக்கு இரண்டாவது ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன வழியில் போனேன், பாதி தூரம் மட்டும். நாசில் வேறு, பம்ப் வேறு. இரண்டையும் சேர்த்தே கழற்றத் தேவையில்லை. ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் ஒரு முறை லேசாகத் தளர்த்திப் பார்க்கலாம். ஒன்றைத் தளர்த்தினால் அந்த சிலிண்டர் நின்றுவிடும். புகை சட்டென்று குறைந்தால் அதுதான் ஆள். இதைப் பழைய பம்ப் வண்டியில் மட்டும், கையுறை போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் நிற்கும் புது வகை காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் கூடாது. அதில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

எனக்கு மூன்றாவது சிலிண்டர். நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, கைப்பிடியால் அழுத்தி டீசலைச் சீறவைக்கும் டெஸ்டரில் வைத்து என் கண் முன்னால் அடித்துக் காட்டச் சொன்னேன். நல்லவை மூன்றும் கிர்ர் என்ற சத்தத்தோடு புகைமூட்டம் மாதிரிச் சீறின. மூன்றாவது சிலிண்டரிலிருந்து வந்தது மட்டும் சீறவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒழுகியது. கைப்பிடியை விட்ட பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அந்தச் சொட்டுதான் கரியாகிப் பிள்ளைகள் மேல் போயிருக்கிறது. நாலுக்கும் புது நாசில், நாலும் ஒரே அழுத்தத்தில் திறக்க ஷிம் என்ற மெல்லிய தகடு, புது செம்பு வாஷர். பழைய வாஷரையே போட்டால் சிக் சிக் என்று கேஸ் கசியும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பம்ப்பைத் திறக்கவே இல்லை. ஆனால் உற்றுப் பார்த்ததில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவின் சீல் உடைந்திருந்தது. என்றைக்கோ யாரோ இழுவை வேண்டும் என்று அதை முறுக்கியிருக்கிறார்கள். மேட்டில் பிக்கப் பத்தவில்லை என்றால் இங்கே செய்கிற முதல் காரியம் அதுதான், இங்கே பல வண்டிகள் புகைவதும் அதனால்தான். பம்ப்பைப் பிரிக்காமல், பம்ப் கடையில் கொடுத்து அளந்து அந்த ஸ்க்ரூவை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். இழுவை கொஞ்சம் குறைந்தது உண்மை.

இப்போது சமவெளியில் புகையே இல்லை. ஊட்டி பக்கம், லவ்டேல் ஜங்ஷனை நெருங்கும்போது நாலு பேரோடு மூன்றாவது கியரில் திணறினால் மட்டும் மெல்லிய சாம்பல் கோடு வருகிறது. அது மலையின் பங்கு. திணறும் முன்னாலேயே இரண்டாவது கியருக்கு மாற்றிவிடுகிறேன், கோடு மறைந்துவிடுகிறது.