பிக்கப் வண்டிக்கு எஞ்சின் ஹெட் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்குப் போனது 46,500 ரூபாய்

நேற்று மாலை ஆறு மணிக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இரவு கண்ணை மூடவில்லை. விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தொகை 46,500 ரூபாய். என்னைப் போல ஒரே ஒரு பழைய வண்டியை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது எத்தனை லோடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஹெட் மாற்றும்போது எங்கெங்கே ஏமாற்றுவார்கள், எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. நெடுஞ்சாலையோரம், முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் தென்னந்தோப்பு, எல்லாக் கம்பெனி டீசல் வண்டியும் பார்க்கப்படும் என்று போர்டு. களியக்காவிளை தொடங்கி ஆரல்வாய்மொழி வரை அப்படி எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்று.

என் வண்டி 2011 மாடல் பிக்கப், நான்கு சிலிண்டர் டீசல். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து வாழைத் தோட்டங்களிலிருந்து ஏத்தன் காய் ஏற்றி வந்து நாகர்கோவில் சந்தையில் இறக்குவேன். ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரம் சாலைக்கும் போவேன். சிப்ஸ் போடுகிறவர்கள் காயைத் தேடித் தேடி வாங்கும் காலம் அது. ஆடி மாதத்தில் ஒருநாள் லோடோடு வரும்போது ஏற்றத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்தது. உடனே எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். ஜங்ஷன் பக்கத்தில்தானே இருக்கிறது என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தப்புக்கு விலை 46,500 இல்லை.

மறுநாள் பார்த்தால் ஆயில் குச்சியில் பால் விட்ட தேநீர் போல ஒரு நிறம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் சோறு கொதிப்பதுபோலக் குமிழி. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். எஞ்சின் பிளாக்குக்கு மேல் மூடிபோல உட்கார்ந்திருக்கும் வார்ப்புதான் ஹெட். வால்வுகள் எல்லாம் அதில்தான். அளவுக்கு மீறிச் சூடேறினால் அது வளையும். மயிரிழை வளைந்தாலும் போதும், நடுவில் இருக்கும் கேஸ்கட் பிடிக்காது; தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்கும்.

இனி அந்தப் பட்டறைக்காரர் என்னை எப்படி நம்ப வைத்தார் என்று சொல்கிறேன். இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றும்போது என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். தன் தோளில் கிடந்த துண்டாலேயே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஹெட்டைப் புரட்டி வைத்து, அதன் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். "நீங்களே குனிந்து பாருங்கள் அண்ணாச்சி, நான் சொல்ல மாட்டேன்" என்றார். குனிந்து பார்த்தேன். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம். அதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள ஃபீலர் தகட்டை விட்டார், தாராளமாகப் போய் வந்தது. பிறகு இரண்டாவது சிலிண்டரில் இரு வால்வுகளுக்கும் நடுவே கரியைச் சுரண்டிக் காட்டினார். வெடிப்பு. நகத்தை வைத்தால் தட்டியது.

அவர் காட்டியது அத்தனையும் உண்மை. அங்கேதான் நான் விழுந்தேன். வெடிப்பே இல்லாத ஹெட்டில் வெடிப்பு என்று சொல்லியிருந்தால் நானும் இரண்டு பேரிடம் விசாரித்திருப்பேன். கண்ணால் பார்த்துவிட்டேனே! அதற்குப் பிறகு அவர் சொன்ன எல்லாவற்றையும் அந்த டார்ச் வெளிச்சத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லேத்தில் கொடுத்துத் தேய்த்து மாட்டலாம். ஆனால் வார்ப்பிரும்பில் வெடிப்பு வந்தால் வெல்டிங் நிற்காது, ஒரு மாதத்தில் திரும்ப வருவீர்கள், எனக்கும் கெட்ட பெயர்" என்றார். இதுவும் பெரும்பாலும் உண்மைதான். அவரே சொன்ன உண்மை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது ஹெட் வால்வுகளோடு 32,000. கேஸ்கட் செட், ஹெட் போல்ட், ஆயில், கூலன்ட் எல்லாம் 7,500. வேலைக் கூலி 8,500. ஆக 48,000. நான் விழித்தேன். என் கையில் இருந்தது சீட்டுப் பணம். 50,000 ரூபாய்ச் சீட்டை 3,500 தள்ளி அந்த வாரம்தான் எடுத்திருந்தேன். "46,500தான் இருக்கிறது, அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது" என்று நானே வாயால் சொல்லித் தொலைத்தேன். ஒரு நிமிடம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, "பழைய ஹெட்டை பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடையில் போட்டால் எவ்வளவு தருவான்? நான் 1,500 போட்டு எடுத்துக்கொள்கிறேன். 46,500 சரியாகிவிட்டது, இல்லையா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. எவ்வளவு நல்ல மனிதர் என்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அவருக்கு ஒரு குலை மட்டிப் பழம் கொடுத்துவிட்டாள். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

பணமாகக் கொடுத்தேன். ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டி "வந்துவிட்டது" என்றார். டேப் ஒட்டியபடி இருந்தது. பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. "நீங்கள் எதற்குக் காத்துக்கிடக்க வேண்டும், மாட்டிவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்றார். ஒன்பதாம் நாள் கூப்பிட்டார். எஞ்சினுக்கு மேலே ஹெட் வெள்ளி போலப் பளபளத்தது. ரசீது என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயரும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. 'ஹெட் வேலை 46,500' என்று நீல மையில் எழுதிக் கீழே ஒரு கோடு.

பத்தொன்பது நாள் ஓடியது. முதல் வாரமே காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக் என்று ஒரு தட்டல். போன் செய்தேன். "புது ஹெட் அப்படித்தான் இருக்கும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அமைந்துவிடும்" என்றார். ஐந்நூறு ஓடியது. தண்ணீர் குறையத் தொடங்கியது. நேரில் போனேன். "ரேடியேட்டர் அடைத்திருக்கும், அதை நான் தொடவே இல்லையே" என்றார். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், அது வேறு செலவு. மறுபடி வெள்ளைப் புகை. போனால் முதலாளி வேளாங்கண்ணி போயிருக்கிறார் என்றான் பையன். அடுத்த நாளும் வேளாங்கண்ணி. மூன்றாம் நாள், அந்த வேளாங்கண்ணிக்காரரை நான் தக்கலையில் ஒரு தேநீர்க் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கையைக் காட்டிவிட்டு நடந்துவிட்டார். அந்தப் போன் ஒலிக்கவும் இல்லை, அவர் பேசவும் இல்லை.

கடைசியாகப் பிடித்துக் கேட்டபோது, "ஹெட் கம்பெனிப் பொருள், கோளாறு என்றால் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்" என்றார். எந்தக் கம்பெனி, அந்தப் பெட்டி எங்கே என்றேன். பெட்டியை எலி கடித்துவிட்டதால் எரித்துவிட்டார்களாம்.

வண்டியைக் கட்டி இழுத்து நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வயதான மனிதர், அதிகம் பேச மாட்டார். நேற்று அவர் ஹெட்டைக் கழற்றி எடுத்துவைத்து, சைலன்சர் பக்கத்தில் புகையை வெளியேற்றும் மேனிஃபோல்ட் உட்காரும் முகத்தைத் துடைத்தார். பிறகு, "மக்களே, ஏழு ஓட்டை ஒரு அளவு, இந்த ஒன்று மட்டும் ஏன் பெரிது?" என்று கேட்டார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. 2017இல் அந்த ஓட்டையில் மேனிஃபோல்டைப் பிடித்திருந்த நான்காவது சிலிண்டர் ஸ்டட் போல்ட் உள்ளேயே முறிந்துபோய், வேறொரு மெக்கானிக் அதைத் துளைத்து எடுத்துப் பெரிய மரை வெட்டிக் கொடுத்தார். மற்றவற்றுக்கு 13 ஸ்பேனர், அதற்கு மட்டும் 17. அந்தப் போல்டை வாங்க நானே கோட்டாறில் கடை கடையாக ஏறியவன்.

அது என் ஹெட். என் சொந்த ஹெட்!

வெள்ளி பெயின்டைத் தின்னர் போட்டுத் துடைத்தார். இரண்டாவது சிலிண்டரில் அதே இடத்தில் வெல்டிங் அடித்து அரைத்த தடம். அதன் ஓரத்தில் புதிதாக ஒரு வெடிப்பு. வெர்னியர் வைத்து அளந்தார். இருக்க வேண்டிய உயரத்தைவிட அரை மில்லிமீட்டருக்கும் மேல் குறைவு. வளைவு போகும்வரை தேய்த்துத் தள்ளியிருக்கிறார்கள். அதனால்தான் வால்வு பிஸ்டனில் போய்த் தட்டியிருக்கிறது, பிஸ்டன் தலையில் பிறை போல அடையாளம் இருக்கிறது. வெல்டிங் நிற்காது என்று தன் வாயால் சொன்னவர், வெல்டிங் அடித்து, பெயின்ட் அடித்து, அதையே எனக்கு விற்றிருக்கிறார். என் ஹெட்டை என்னிடம் 1,500க்கு வாங்கி, என்னிடமே 32,000க்கு. மற்றதெல்லாம் சேர்த்து 46,500.

உடனே போன் செய்தேன். "எல்லா ஹெட்டிலும் ஒரு ஓட்டை பெரிதாகத்தான் வரும்" என்றார். லேத்காரரிடம் கொடுக்கட்டுமா என்றதும் வைத்துவிட்டார். இன்று காலை பையன் கூப்பிட்டு, "முதலாளி 2,000 தரச் சொன்னார், இத்தோடு முடித்துக்கொள்ளலாமாம்" என்கிறான். மட்டிக் குலைக்கு வேண்டுமானால் கணக்கு சரியாக வரும்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம் என்று மைத்துனன் சொல்கிறான். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. போகத்தான் போகிறேன். ஆனால் என் கையில் இருப்பது நீலக் கோடு போட்ட துண்டுச் சீட்டு. லேத்காரர் முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வரிசையாக எழுதுகிறேன் என்று சொன்னேன். நேரமில்லை, தோட்டக்காரர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். முக்கியமானது மட்டும். பழைய ஹெட்டை விட்டுவிட்டு வராதீர்கள், ஆக்கர் விலைக்குக்கூட. வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விட்டே தீர வேண்டும் என்றால் ஆணியால் கீறி ஒரு அடையாளமாவது வையுங்கள். புதுப் பெட்டியை நீங்கள் பிரியுங்கள், வார்ப்பில் இருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். புது வார்ப்புக்கு வெள்ளி பெயின்ட் எதற்கு என்று கேளுங்கள். பழையதையே சரிசெய்து போடுவதானால் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் மாட்ட விடாதீர்கள். ஜி.எஸ்.டி. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

ஓணத்துக்கு இன்னும் எட்டு நாள்தான். 2011 மாடல் நான்கு சிலிண்டர் பிக்கப்புக்கு நல்ல ஹெட் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பெட்டியோடு இருக்க வேண்டும். நானே வந்து பிரிப்பேன்.