சோலோவில் கெரிஸ் வாங்கப் போகிறவர்கள் பிடியைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

மத்திய ஜாவாவில் உள்ள சுரகர்த்தாவை ஊர்க்காரர்கள் சோலோ என்பார்கள். கடந்த ஆண்டு அங்கே ஒரு பழம்பொருள் கடையில் 45 லட்சம் ரூபியா கொடுத்து, ஜாவாவின் பாரம்பரியக் குத்துவாளான கெரிஸ் ஒன்றை வாங்கினேன். நம் பணத்தில் ஏறத்தாழ 24 ஆயிரம் ரூபாய். ஜாவாவின் பழைய மஜாபாஹித் அரசு காலத்துக் குத்துவாள் என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அது சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதிதாகச் செய்து, அமிலத்தில் ஊறவைத்துப் பழசாக்கிய சரக்கு. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அடுத்த சில நாட்களில் வேறு இரண்டு கடைகளிலும் அதே கதையைக் கேட்டேன்.

கடைக்காரர் மிகவும் பணிவாகப் பேசினார். விலை என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை, 'மஹார்' என்றார். கெரிஸை மற்றச் சரக்கைப் போல விலை பேசக் கூடாது என்பதால், மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரின் பெயரால் அந்தத் தொகையைக் குறிப்பது ஜாவாவில் வழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டதும் இவர் விவரம் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன்.

பிறகு அலகில் ஓடிய வெள்ளை வரிகளைக் காட்டி, ஜாவாவின் பிரம்பானன் பகுதியில் விழுந்த விண்கல்லில் இருந்து வந்தவை என்றார். அங்கேயே நான் எழுந்திருக்க வேண்டும். மஜாபாஹித் அரசு 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு முடிந்துபோனது. பிரம்பானன் விண்கல்லைச் சோலோ அரண்மனைக்குக் கொண்டுவந்ததோ 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். இரண்டும் எனக்குத் தெரிந்த செய்திகள்தான். கையில் வாள் இருந்தபோது இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பிடியைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்டேன். "உள்ளே குடியிருப்பது கோபித்துக்கொள்ளும்" என்று மறுத்துவிட்டார். கெரிஸுக்குள் ஒரு சக்தி உறைகிறது என்று ஜாவாவில் பலர் மனதார நம்புகிறார்கள். அதை மதித்து நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அதே நம்பிக்கை உள்ள குடும்பங்கள்தான் ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சுரோவில் பிடியைக் கழற்றி, எலுமிச்சைச் சாறு விட்டு அலகைக் கழுவுகின்றன. ஜமாசான் என்று அதற்கே ஒரு சடங்கு இருக்கிறது. பக்தியைக் காரணம் காட்டி என் கையைத் தடுத்தார் என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது.

மறுநாள் உறை கொஞ்சம் ஆடியது. சரிசெய்ய ஒரு ம்ரங்கியிடம் போனேன். கெரிஸுக்கு மர உறை செய்கிறவர்களை அப்படி அழைப்பார்கள். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். வாளை வாங்கியதும் அலகைக்கூடப் பார்க்காமல் பிடியைத் திருகினார். அசையவில்லை. பழைய பிடிகளை, பிடிக்குள் நுழையும் அலகின் காம்பில் துணியோ முடியோ சுற்றித்தான் இறுக்கியிருப்பார்கள், கையால் திருகினால் வந்துவிடும் என்றார். அடிப்பக்கத்தை லேசாகச் சூடாக்கி இழுத்தார். மஞ்சள் நிறப் பசை நூல் நூலாக நீண்டுகொண்டு வந்தது. உள்ளே இருந்த காம்பு தனிக் கம்பி. பற்றவைத்த இடத்தில் உலோகம் குமிழ்விட்டு நின்றது.

அடுத்து அலகின் அடியில் இருக்கும் குறுக்குத் துண்டில் நகத்தை வைத்தார். கொன்ஜோ என்பது அதன் பெயர். பழைய கெரிஸ்களில் பெரும்பாலும் அது தனியாக அடித்துக் காம்பில் கோத்த துண்டு. என்னுடையதில் இணைப்பு எதுவும் இல்லை, இணைப்புப் போலத் தெரிய அரத்தால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

வரிகளுக்கு வருகிறேன், எல்லோரும் ஏமாறுவது இதில்தான். இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் மடித்து மடித்து அடிப்பதால் உண்டாவது பாமோர். அது அலகின் உள்ளே அடுக்கடுக்காக ஓடுகிறது. பலகையில் குழி தோண்டினால் மரத்தின் ரேகை அந்தக் குழியைச் சுற்றி வளைவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரல் பதிவதற்காக அலகின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். உண்மையான பாமோர் அந்தப் பள்ளத்தில் இறங்கும்போது அப்படித்தான் வளையும், அகலும். என்னுடையதில் வரிகள் பள்ளம், மேடு பார்க்காமல் ஒரே அகலத்தில் நேராகப் போயின. பெரியவர் என் விரலைப் பிடித்து அலகின் மேல் ஓட்டினார். பிறகு தன் சொந்தக் கெரிஸின் மேல் ஓட்டினார். பழைய அலகில் இரும்பு தேய்ந்துபோய் நிக்கல் வரிகள் மெல்லிய நரம்புபோல விரலில் தட்டின. என்னுடையதில் வரி இருந்த இடம் வழவழவென்று இருந்தது. "வரைந்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

தேய்மானத்தையும் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாகக் கழுவிய அலகு ஓரங்களிலும் நுனியிலும்தான் மெலியும். அமிலத்தில் போட்டது எல்லா இடத்திலும் ஒரே ஆழத்துக்கு அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக இருக்கும், ஓரம் மட்டும் தடிமனாகவே இருக்கும். லுக் என்னும் நெளிவுகளை எண்ணிப் பாருங்கள், எப்போதும் ஒற்றைப்படைதான். ஆனால் போலி செய்கிறவர்களுக்கும் அது தெரியும் என்பதால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். பார்த்து முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள். வரிகள் தெளிவாகத் தெரிய அலகில் ஆர்செனிக் பூசுவார்கள்.

கெரிஸை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. என்னிடம் இருந்த ரசீதை வாங்கி ஒரு சொல்லின் கீழே விரலை வைத்தார். 'கெராஜினான்' என்று எழுதியிருந்தது. கைவினைப் பொருள் என்று அர்த்தம். விமான நிலையத்தில் சிக்கல் வராமல் இருக்க அப்படி எழுதியதாக முதல் நாள் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். இந்தோனேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, 50 ஆண்டுகளைக் கடந்து பண்பாட்டுச் சின்னமாகக் கருதப்படும் பொருளை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அந்தச் சட்டத்தை எனக்கு நினைவூட்டியவரும் அவரேதான். வாயால் மஜாபாஹித், தாளில் கைவினைப் பொருள். பணம் திரும்பவில்லை.

புதிய கெரிஸ் மட்டமானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தோனேசியா விடுதலை பெற்ற பிறகு செய்தவற்றைக் கமார்திகான் என்பார்கள். மதுராத் தீவின் சுமெனெப் பகுதியில் இன்றும் அருமையான கொல்லர்கள் இருக்கிறார்கள். புதியதைப் புதியது என்று சொல்லி விற்பவரிடம் வாங்கினால் அந்தக் கொல்லரின் உழைப்புக்கு உரிய பணம் போய்ச் சேரும். அடுத்த முறை நான் அங்கேதான் போகப் போகிறேன்.

பெரியவர் என்னிடம் கூலி வாங்க மறுத்துவிட்டார். காம்பில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி எடுத்தார். வெள்ளைத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்துச் சுற்றிப் பிடியை மாட்டிக் கொடுத்தார். இப்போது திருகினால் கழன்று வருகிறது.