பாஷில் எண்களை ஒப்பிட எந்த அடைப்புக்குறி?

பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்) ஸ்கிரிப்டில் கூட்டல் கழித்தலுக்குப் பெரிய போட்டி இல்லை. பழைய எக்ஸ்பர் (expr) கணக்குப் போடும் ஒரு தனி நிரல். ஒவ்வொரு கணக்குக்கும் ஷெல் புதிதாக ஒரு புராசஸைக் கிளப்புவதால் பெரிய லூப்பில் இழுக்கும். இடைவெளி இல்லாமல் 5+3 என்று கொடுத்தால் 8 வராது, 5+3 என்றே திருப்பி அச்சிடும். $(( )) ஷெல்லுக்குள்ளேயே நடக்கிறது. இடைவெளி பற்றிக் கவலையில்லை, உள்ளே மாறிக்கு டாலர் குறிகூட வேண்டாம். ஷெல்களுக்கான பொது விதிமுறையான போசிக்ஸ் தரத்திலும் உண்டு. பிறகு எக்ஸ்பர் எதற்கு?

வம்பெல்லாம் ஒப்பீட்டில்தான். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

[ 10 > 9 ] சரி என்கிறது. [ 3 > 9 ] என்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்லும்! இங்கே > என்பது வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் குறி. ஃபோல்டரில் 9 என்ற பெயரில் காலிக் கோப்பு ஒன்று முளைத்திருக்கும்.

[[ 10 > 9 ]] தவறு என்கிறது. எழுத்துகளாக ஒப்பிடுகிறது, 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் வருகிறதே.

(( 10 > 9 )) மட்டும்தான் எண்களாகப் பார்க்கிறது.

முதல் இரண்டும் பிழைச் செய்தி தராமல் தவறுவதுதான் ஆபத்து. அவற்றில் எண்களை ஒப்பிட -ஜிடி (-gt, பெரியதா), -எல்டி (-lt, சிறியதா) வகைக் குறிகள் வேண்டும். பாஷ் என்று உறுதியாகத் தெரிந்தால் நான் (( )) பக்கம்தான்.

அதிலும் இரண்டு இடறல் உண்டு. விடை 0 வந்தால் (( )) தோல்வி என்று அறிவிக்கும். செட் -ஈ (set -e, ஒரு கட்டளை தோற்றாலே நிறுத்து) போட்ட ஸ்கிரிப்டில், 0-இல் இருக்கும் கவுண்டரைப் பின்னால் ++ போட்டு ஏற்றினால், விடையாகப் பழைய 0-தான் வருவதால் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, 0-வில் தொடங்கும் எண்ணை எட்டடிமான (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டுமே உள்ள) எண்ணாக எடுத்துக்கொள்ளும். 08, 09 வந்தால் பிழை. தேதியிலிருந்து மாதத்தை எடுக்கும் ஸ்கிரிப்ட் ஜூலை வரை ஓடி ஆகஸ்டில் படுத்துவிடுவது இதனால்தான் (அக்டோபரில் தானாகவே எழுந்துகொள்ளும் என்பது கூடுதல் வேடிக்கை). எண்ணுக்கு முன்னால் 10# (பத்தடிமானம் என்று சொல்லும் குறி) சேர்த்தால் தீரும். ஒற்றை [ ]-இல் -ஜிடி போட்டால் 08 சிக்கலே வராது.

உபுண்டு, டெபியனில் பின்/எஸ்ஹெச் (/bin/sh) என்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறொரு ஷெல். அங்கே [[ ]], (( )) இரண்டுமே செல்லாது. அப்போது ஒற்றை [ ]-உம் -ஜிடியும்தான் கதி. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

தசமம் வேண்டுமென்றால் இவை எதுவும் உதவாது: $(( 7 / 2 )) தருவது 3. பிசி (bc) என்ற கணக்கு நிரலும் ஸ்கேல் (எத்தனை தசம இடம் என்பது) சொல்லாவிட்டால் அதே 3-தான் தரும். ஆக் (awk) என்ற நிரல் கேட்காமலே 3.5 தரும்.