புயல் மாதங்களுக்கான காய்கறி: ஃப்ரீசரா, வற்றலா, அச்சாரா?

மொரீஷியஸில் புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீள்கிறது. ஒரு புயல் தோட்டங்களை அடித்துப் போட்டுவிட்டுப் போனால், கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் ஆகியவற்றின் விலை சந்தையில் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். கோயில் மண்டபங்களிலும் பெண்கள் மையங்களிலும் நடக்கும் வீட்டுத் தோட்ட, சமையல் வகுப்புகளில் காய்கறியைப் பதப்படுத்தக் கற்பிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. உறைய வைப்பது, வற்றல் போடுவது, அச்சார் என்னும் காய்கறி ஊறுகாய் போடுவது என வழிகள் மூன்று இருக்க, வகுப்புக்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. ஆகவே எதை முதலில் கற்பிப்பது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். என் வாக்கு அச்சாருக்கே. ஆனால் இன்று பல வீடுகளில் போடப்படும் அச்சாருக்கு அந்த வாக்கை நான் அளிக்க மாட்டேன்.

உடல்நலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஃப்ரீசரே முந்துகிறது. நறுக்கிய பீன்ஸைக் கொதிநீரில் 3 நிமிடம் இட்டு, உடனே ஐஸ் நீரில் ஆற வைத்து, ஈரம் வடித்து உறைய வைத்தால், நிறமும் சத்தும் பெரிதும் தங்கும். உப்பும் எண்ணெயும் சேர்க்க வேண்டியதில்லை. பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள ஒரு தீவில் இது சிறிய நன்மை அன்று. ஆயினும் எந்தப் புயலுக்காகச் சேமிக்கிறோமோ அதே புயல்தான் மின்சாரத்தையும் நிறுத்துகிறது. கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். மின்கம்பங்கள் சாய்ந்து கிடக்கும் ஊரில் அந்த அவகாசம் போதுமா என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது.

வற்றலுக்கு மின்சாரம் வேண்டாம், வெயில் வேண்டும். திறந்த வெளியில் காய்கறி கெடாமல் காய, வெப்பம் 30 பாகைக்குக் குறையாமலும் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. மேட்டுநிலத்தில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் கியூர்பிப்பில் பாகற்காய் வற்றல் போடக் கற்பிப்பது பூஞ்சை வளர்க்கக் கற்பிப்பதற்குச் சமம். மேற்குக் கரையின் வறண்ட பகுதிகளில், அதுவும் ஆண்டின் வறண்ட மாதமான அக்டோபரை ஒட்டி, அதே பாடம் பயன் தரும். ஒரே பாடத்திட்டத்தைத் தீவு முழுவதற்கும் அனுப்புவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். மோர் மிளகாயைப் பொறுத்தவரை, அதில் சேரும் உப்பையும் பொரிக்கும் எண்ணெயையும் கணக்கில் எடுத்தால், அதை நலச் சமையல் பாடத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. முருங்கை இலையை நிழலில் உலர்த்திப் பொடிப்பது வேறு. அதற்கு உப்பே தேவையில்லை.

இனி அச்சார். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் ஆகியவற்றை மெல்லியதாக நறுக்கி, கடுகு, மஞ்சள், பூண்டு, பச்சை மிளகாய் சேர்ந்த சூடான எண்ணெயில் புரட்டி, சிறிது வினிகர் விடுவது இங்குள்ள வழக்கம். அந்தச் 'சிறிது' என்ற இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. கேரட்டும் பீன்ஸும் பூண்டும் புளிப்பற்றவை. அவற்றைக் காற்றுப் புகாதபடி எண்ணெய்க்குள் மூழ்கடித்து வெளியில் வைத்தால், பொட்டுலிசம் என்னும் நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைத்துவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்கு மேல் இருந்தால், அதாவது புளிப்பு குறைந்தால், அது வளரும். வாசனையோ சுவையோ மாறாமலேயே நஞ்சு உருவாகக்கூடும். பூண்டை வெறும் எண்ணெயில் ஊற வைத்தால் ஃப்ரிட்ஜிலும் 4 நாள்களுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது இதனால்தான். துருவிய மாங்காயில் போடும் குச்சா ஊறுகாய்க்கு இந்த அச்சம் குறைவு, காயே புளிப்பு என்பதால். பிலிம்பி என்னும் புளிப்புக் காயும் அப்படியே, ஆனால் அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி; சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நீரிழிவு நோயாளிக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம்.

எனவே வகுப்பில் கற்பிக்க வேண்டிய அச்சார் வேறு முறையிலானது: காய்களைக் கொதிநீரில் காட்டி, நன்றாக வடித்து, 5 விழுக்காடு அமிலமுள்ள வினிகரை நீர் கலக்காமல் கொதிக்க வைத்து, காய் முழுவதும் மூழ்கும்படி ஊற்றி, எண்ணெயைத் தாளிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது. அதை வைக்கும் இடம் ஃப்ரிட்ஜ்தான். இருந்தாலும் ஓரிரு நாள் மின்சாரம் நின்றால் ஃப்ரீசர் காய்கறியைப் போல அது வீணாகிவிடாது. இந்த முறைக்கு மற்றொரு வலிமையும் உண்டு. உப்பை நம்பி நிற்கும் ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் ஊறுகாயே கெடும். இங்கே காப்பது அமிலம் என்பதால், உப்பைச் சுவைக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது என்பதை நினைத்தால், வினிகர் அச்சாருக்கே முதலிடம் தருவதன் நியாயம் விளங்கும்.

அறிவுரையைவிடச் செய்முறையை மாற்றுவது பலன் தரும் என்பதற்கு இந்தத் தீவிலேயே சான்று இருக்கிறது. 1987-இல் அரசு, மானிய விலைச் சமையல் எண்ணெயில் பாமாயிலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் சோயா எண்ணெய் இருக்கும்படி மாற்றியது. 1992-இல் மீண்டும் அளந்தபோது மக்களின் இரத்தத்தில் சராசரிக் கொலஸ்ட்ரால் அளவு கணிசமாகக் குறைந்திருந்தது. அச்சார் வகுப்பும் உப்பின் தீமையை நீளப் பேசுவதை விட்டு, குறைந்த உப்பிலும் சுவைக்கும் ஒரு செய்முறையைக் கையில் கொடுத்தால் போதும்.

கீரைக்கு மட்டும் இந்த மூன்று வழிகளில் எதையும் நான் சொல்ல மாட்டேன். தண்டுக்கீரையை விதைத்த நான்கு வாரங்களுக்குள் பறிக்கத் தொடங்கலாம்; உறைய வைத்த கீரையைவிட, ஈரமில்லாத மூடிய போத்தலில் காத்த ஒரு பிடி விதை, புயல் ஓய்ந்த மறுநாளே தோட்டத்தில் வேலைக்கு வரும்.